வாளியில் ஜெயித்த பம்பு

செல்லத்தாய் எனக்கு நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். திருப்பூரை ஒட்டிய பெருமாநல்லூரில் அவள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைக்க அட்வான்ஸ் கொடுத்தது நான்தான். தென்காசிப் பக்கமிருந்து பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்கு வந்தவள், பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பிரித்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். நான் ஐந்தாவதோடு நின்று, பனியனில் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் யூனிட்டுக்கு முதலாளி ஆனவன். ஆளை எடைபோட எனக்குத் தெரியாதா?

எங்கள் யூனிட்டில் அவள் பார்த்த வேலைக்கெல்லாம் கூலியைக் கடனில் கழித்துக்கொண்டே வந்தேன். கூலி என்று என் காசு அவள் கையில் பட்டதே இல்லை. மிச்சம் எட்டாயிரம் நின்றது.

சித்திரை வெயிலில் எங்கள் டிசைன் கம்ப்யூட்டர் சூடேறி அணைந்தது. அந்தப் பெட்டிக்குள்ளே குழாயில் தண்ணீர் சுற்றிவந்து சூட்டை வெளியே கொண்டுபோகும். தண்ணீரைத் தள்ளும் பம்பு போய்விட்டது. சாயங்காலத்துக்குள் ஆர்டர் கொடுத்த கம்பெனிக்கு டிசைன் போகாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும்.

மகள் பள்ளிக்கூட பீஸுக்கு வைத்திருந்த ஏழாயிரத்தைப் போட்டு, கைக்குள் அடங்கும் பம்பு ஒன்றை வாங்கி வந்தாள் செல்லத்தாய். நானும் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மணிக்கு இத்தனை லிட்டர் என்று அட்டையில் பெரிய நம்பர், பாதி விலை.

"ஏனம்மிணி, இத்தனூண்டுக்கு ஏழாயிரமா?"

"ஓடவிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."

தோட்டத்துக்கு மோட்டார் எடுக்கும்போது தண்ணீர் எவ்வளவு தூரம் எகிறி விழுகிறது என்று பார்த்துத்தான் எடுப்போம். இரண்டு பம்புகளையும் வாளியில் போட்டு ஓடவிட்டேன். என்னுடையது சுவர்வரை பீய்ச்சியது. அவளுடையதில் பாதிதான்.

"அம்மிணி பம்பு வாசல் தெளிக்க ஆகுமுங்க" என்றான் பிரிண்டிங் மாஸ்டர் பூபாலன். எல்லோரும் சிரித்தார்கள்.

"வெட்டவெளியில யாருந்தான் சத்தம் போடுவாவ. மூச்சு முட்டுத எடத்துல போட்டுப் பாப்போம்" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உன் பம்பு தாங்குனா மிச்சக் கடன் தள்ளுபடி, பம்பு காசும் தர்றேன். மெஷின் அணைஞ்சா கடைச் சாவிய வெச்சிட்டுப் போயிரோணும்."

அவள் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

முதலில் என் பம்பைக் கம்ப்யூட்டர் குழாயில் மாட்டினாள். உள்ளே சீப்புப் பல் போன்ற சந்துகளில் புகுந்து வந்த தண்ணீர், திரும்பும் குழாயில் நூலாக வடிந்தது. அவள் பம்பை மாட்டியதும் விரல் கனத்துக்கு நிற்காமல் கொட்டியது. ஆயிரம் அடி போர்வெல்லுக்குப் பீய்ச்சுகிற மோட்டார் ஆகாது, முக்கித் தள்ளுகிற மோட்டார்தான் வேண்டும். நானே மூன்று போர் போட்டவன், எனக்குத் தெரியாத விஷயமில்லை.

திறந்திருந்த குழாயைத் திரும்ப இணைத்து டிசைனை ஓடவிட்டாள். திரையில் சூடு எழுபது காட்டியது. பிறகு எண்பத்தைந்து. தொண்ணூற்றைந்தில் அணைந்துவிடும்.

"ஏறுதுங்க" என்றான் பூபாலன். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. எனக்கு ஆர்டர் பயம். அவள் கண் சாவிப் பக்கமே போகவில்லை. குழாயில் காதை வைத்துக் கேட்டாள்.

"காத்து அடைச்சிருக்கு. யாராவது ஒரு கை பிடிங்க!"

நானே பிடித்தேன். கம்ப்யூட்டர் பெட்டியை ஒருபக்கமாகச் சாய்த்தோம். தொண்ணூற்றுநான்கு. குழாய்க்குள் களக் களக்கென்று ஒரு குமிழி புரண்டு மேலே ஓடியது. தண்ணீர் சத்தம் அடங்கியது. தொண்ணூறு. எண்பது. அறுபத்தெட்டில் வந்து நின்றுவிட்டது.

வெயில் தாழ்வதற்குள் டிசைன் போய்ச் சேர்ந்தது. இப்படி ஒருத்தியைக் கண்டுபிடித்துக் கடை வைத்துக் கொடுத்தவன் இந்தத் திருப்பூரில் என்னைத் தவிர யார்?

"எட்டாயிரமும் தீந்துது கண்ணு. பம்பு காசை அடுத்த வேலையில சேத்து..."

"அந்தக் கதையே வேண்டாம் அண்ணாச்சி. எண்ணித் தாங்க." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வலது கையை விரித்து நீட்டினாள்.

பூபாலன் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியைத் திறந்து, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக அந்தக் கையில் எண்ணி வைத்தேன்.