தேன் மேஸ்திரியின் மாத்திரை

டைல்ஸ் மேஸ்திரிக்கு முதலில் வலது முட்டிதான் மக்கர் பண்ணியது. அதற்குத் துணையாக இடது முட்டியும் சேர்ந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை.

ஐம்பதைத் தாண்டிய ஆள். காலையிலிருந்து மாலை வரை மண்டியிட்டு, தரை ஓடுகளை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டத்தில் சமம் பார்த்து, பின்னால் நகர்ந்து மறுபடியும் மண்டியிடுகிற வேலை. மீசை முளைத்த காலத்திலிருந்து இதே பிழைப்பு. வேலை முடிந்து எழுந்து நிற்கும்போது முட்டிக்குள் மணலைப் போட்டு அரைப்பது மாதிரிச் சத்தம் வரும். மாடிப்படியில் அந்தச் சத்தம் கேட்டாலே மனைவி அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வாங்களேன்."

"காட்டினா மண்டி போடாதம்பாரு. நான் என்ன நின்னுகிட்டே தரை போடவா?"

அவள் பூண்டை உரிக்க உட்கார்ந்தாள். அப்படித்தான் கை வைத்தியம் ஆரம்பமானது. பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தடவினார்கள்; பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போனதுதான் பலன். முட்டைக்கோஸ் இலையைச் சூடுகாட்டி முட்டியில் கட்டிக்கொண்டு படுத்தார். விடியும்போது இலை வாடியிருந்தது, வலி வாடவில்லை. இஞ்சிச் சாறு குடித்து நெஞ்செரிச்சலை வாங்கிக்கொண்டார்.

தேனைச் சொன்னது, அதே கட்டடத்தில் சுவருக்கு வண்ணம் பூச வந்த பெயிண்டர். காலையில் வெந்நீரில் தேனும் பட்டைப் பொடியும் கலந்து குடிக்க வேண்டும், இரவில் தேனை முட்டியிலும் தடவ வேண்டும். தன் மாமனார் இதில்தான் எழுந்து நடந்தார் என்று பெயிண்டர் அடித்துச் சொன்னார். மேஸ்திரியும் அப்படியே செய்தார். முதல் ராத்திரியே எறும்புப் படை படுக்கைக்கு வந்துவிட்டது. மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். தடவுவதை அன்றோடு விட்டுவிட்டுக் குடிப்பதை மட்டும் வைத்துக்கொண்டார்.

பத்துப் பதினைந்து நாளில் வலி நன்றாகக் குறைந்தது. படியில் சத்தமில்லாமல் ஏறி வந்தவரைக் கண்டு மனைவி திடுக்கிட்டுப் போனாள்.

அந்த நாட்களில் ஓடு வந்து சேராமல் கட்டட வேலை நின்றிருந்தது. அவர் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தார். இது அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். ஆனால் சும்மா படுத்திருந்ததால் குணமானது என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை வரும்? பெருமை முழுவதையும் தேன் வாங்கிக்கொண்டது.

அவர் வாயும் சும்மா இருக்கவில்லை. டீ குடிக்கிற இடத்தில், வீட்டுக்காரர்களிடம், உறவுக்காரர்களிடம், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொன்னார். எல்லார் முன்னாலும் மண்டியிட்டு எழுந்து காட்டினார். 'தேன் மேஸ்திரி' என்று பெயர் விழுந்தது. ஓடு பதித்த முப்பத்தைந்து வருஷத்தில் கிடைக்காத மரியாதை ஒரு தேன் பாட்டிலில் கிடைத்துவிட்டது. முதுகு வலிக்காரர்கள், தோள் வலிக்காரர்கள் எல்லாம் போனில் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். அவரும் டாக்டர் தோரணையில் "பசி எப்படி? தூக்கம் எப்படி?" என்று விசாரிக்கப் பழகிக்கொண்டார்.

ஓடு வந்தது. வேலை மறுபடி தொடங்கியது. முதல் வாரமே முட்டி பழையபடி கத்த ஆரம்பித்தது.

தேனைக் கூட்டிப் பார்த்தார். பட்டைப் பொடியைக் கூட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாலை, தன்னைத் தெரிந்தவர் யாரும் வராத தெருவாகப் பார்த்து, ஒரு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கினார். திருடப் போனவன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வாங்கினார். அதைக் கருவிப் பையின் அடியில், ஓடுகளுக்கு நடுவே இடைவெளிக்கு வைக்கிற பிளாஸ்டிக் துண்டுகளோடு போட்டு வைத்தார். காலையில் மனைவி கொடுக்கும் தேன் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்புவார். கட்டடத்தில் கைகழுவப் போகிற சாக்கில் மாத்திரையை விழுங்குவார். முட்டி அடங்கிவிடும். பேரும் கெடவில்லை.

அவருடைய அக்கா திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்த்தாள். ஊசி வேலையில் அவளை மிஞ்ச அந்தக் கடையில் ஆள் கிடையாது. அவளுக்கும் மூட்டு வலிதான், ஆனால் வேறு மாதிரி. விரல்கள் காலையில் வீங்கி, மணிக்கட்டு சூடாகி, ஊசியைப் பிடிக்கவே நேரம் பிடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இது தேய்மானம் இல்லை, உடம்பே தன் மூட்டுகளைத் தாக்குகிற வியாதி, மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வாரத்துக்கு ஒரு முறை போடுகிற மாத்திரை. போட்ட மறுநாள் முழுக்க குமட்டும். தலை வாரினால் சீப்பு நிறைய முடி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி மனைவியோடு அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். அக்கா பரிமாறிவிட்டு, தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து மாத்திரை நாளு. வாயில வச்சா வெளிய வருது."

"எதுக்குக்கா இந்த விஷத்தைப் போட்டுட்டு இருக்க? தூக்கிப் போடு. நான் சொல்ற மாதிரி தேன் சாப்பிடு."

அக்காவின் கணவர் இடைமறித்தார். "டாக்டரம்மா நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மாப்ள."

"அவங்க அப்படித்தான் மாமா சொல்வாங்க. என்னைப் பாருங்க." மேஸ்திரி எழுந்து, மண்டியிட்டு, எழுந்து காட்டினார்.

அக்கா சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். "நிஜமா சொல்லுடா. உனக்கு அதுலதான் சரியாச்சா?"

அன்று காலை போட்ட மாத்திரை இன்னும் அவர் வயிற்றில் வேலை செய்துகொண்டிருந்தது. மாமா பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் இருந்தாள். சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான்.

"அதுலதான்க்கா," என்றார்.

அடுத்த வாரமே நல்ல தேனாகத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். தீர்ந்ததும் மறுபடி கொடுத்தார். கொடுக்கும்போதெல்லாம் மனசில் முள் ஒன்று உறுத்தியது. தேன்தானே, கெடுதல் ஒன்றும் செய்யாது என்று அதைத் தட்டிவிட்டார். போனில் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பரவாயில்லடா, குமட்டல் நின்னுடுச்சு, முடியும் கொட்டல" என்பாள். விரலைப் பற்றி அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து மாமா கூப்பிட்டார். குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மாப்ள, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? உங்கக்காவுக்குக் குழாயைத் திறக்க முடியல."

போய்ப் பார்த்தார். வலது கையின் இரண்டு விரல்கள் வாத்துக் கழுத்து மாதிரி வளைந்திருந்தன. மணிக்கட்டு பந்து போல் வீங்கியிருந்தது. கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

அவள் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் தேன் கேக்குது, எனக்கு மட்டும் கேக்கலன்னா தப்பு என்மேலதான்னு நெனச்சேன். நடுவுல சில நாள் வெந்நீர் ஆறிப்போச்சு. பட்டைப் பொடியும் ரெண்டு தடவை மறந்துட்டேன். நீ இவ்வளவு பாடுபட்டு வாங்கிட்டு வர்ற. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வெக்கமா இருந்துச்சு."

வெட்கப்பட வேண்டியவன் எதிரில் நிற்கும்போது அவள் வெட்கப்பட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். மேஸ்திரி செருப்பை மாட்டினார். "ஆஸ்பத்திரிக்குப் போலாம், கெளம்பு" என்று மட்டும் சொன்னார்.

டாக்டரம்மா அக்காவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னாங்க?"

"நானாத்தான் நிறுத்திட்டேன்மா," என்றாள் அக்கா. தம்பியின் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"நிறுத்திட்டு என்ன சாப்பிட்டீங்க?"

"தேன். கெட்டதில்லம்மா, என் தம்பிக்கே அதுல குணமாச்சு. எனக்குத்தான் ஒத்துக்கல போலிருக்கு."

"தேன் சாப்பிடுறது தப்பில்ல. மாத்திரைக்குப் பதிலா சாப்பிட்டதுதான் தப்பு." டாக்டரம்மா மேஸ்திரியைப் பார்த்தார். "உங்களுக்கு முட்டியில வலியே இல்லையா?"

மேஸ்திரி சுவரோரமாக நின்றிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள். கை அப்படிக் கிடக்கையிலும் அந்தப் பார்வையில் தம்பியைப் பற்றிய பெருமை கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைப் பார்த்தபிறகு அவர் சுவரை விட்டு மேசைப் பக்கம் வந்தார்.

"வலி இருக்குதும்மா. வலி மாத்திரை போடுறேன்."

"எவ்வளவு நாளா?"

"வேலை மறுபடி ஆரம்பிச்சதுலருந்து. தினமும்."

மேசை விளிம்பில் இருந்த அக்காவின் கை மெல்ல மடிக்கு இறங்கியது. "அன்னிக்கு வீட்டுல நான் கேட்டேனே. அப்பவுமா?"

"அன்னிக்கும் போட்டுட்டுத்தான்க்கா வந்தேன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டே, கடையில் வாங்கி இஷ்டத்துக்குப் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும் என்று அவருக்கும் ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அவர் காதில் பாதிதான் விழுந்தது.

வெளியே வராந்தாவில் மாமா காத்திருந்தார். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி தானே மாமாவிடமும் சொன்னார். இரண்டாவது தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தது பொய்த்துப்போனது. மாமா கேட்டுவிட்டு எழுந்து மருந்து வாங்கப் போனார்.

"திட்டிடுக்கா," என்றார் மேஸ்திரி.

"திட்டினா உனக்கு நல்லா இருக்கும்." அவள் முன்னால் நடமாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "இந்த மூடியைத் திற."

திறந்து கொடுத்தார். அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துக் குடித்தாள்.

மாத்திரை மறுபடி ஆரம்பமானது. குமட்டலும் கூடவே வந்தது. அதைக் குறைக்க வேறொரு மாத்திரை உண்டு என்று டாக்டரம்மா கொடுத்தார். முன்பே கேட்டிருந்தால் முன்பே கொடுத்திருப்பார். வீக்கம் மெதுவாக வடிந்தது. வளைந்த விரல்கள் இரண்டும் நிமிரவில்லை. கடையில் அவளுக்கு வாடிக்கையாளர்களிடம் அளவு கேட்டு, துணி காட்டுகிற வேலை கொடுத்தார்கள். ஊசிக்கு வேறு ஆள் வந்தாள்.

மேஸ்திரி முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டார், சொல்லிக் கொடுத்தபடி தொடைக்குப் பயிற்சி செய்தார், உயரம் குறைந்த பலகையில் உட்கார்ந்து வேலை செய்யப் பழகினார். வலி பாதி குறைந்தது. மீதியோடு வாழ்ந்தார். தேன் மேஸ்திரி என்ற பெயர் மட்டும் போகமாட்டேன் என்றது. யாராவது தேனைப் பற்றிக் கேட்டால், "நான் மாத்திரை போட்டுட்டுப் பொய் சொன்னேன்யா" என்பார். அவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரிப்பார்கள். அவர் நிறுத்தி, சிரிப்பு அடங்கும்வரை இருந்து, அக்காவின் விரல்களைப் பற்றிச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் காது சூடாகும். தேனைச் சொன்ன பெயிண்டரையும் தேடிப் போய்ச் சொன்னார். அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, தன் மாமனாரும் ஒருவேளை ஏதாவது போட்டிருப்பாரோ என்று முணுமுணுத்தார்.

அக்கா பேச்சை நிறுத்தவில்லை. போனால் சாப்பாடு போட்டாள், பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். அவரிடம் எதையும் கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும், மழை வருமா, இந்தப் பழம் புளிக்குமா என்று ஒன்றும் கேட்பதில்லை. அவராகச் சொன்னால், "அப்படியா" என்பாள். அந்த 'அப்படியா'வைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் மேஸ்திரி தட்டைப் பார்த்துக்கொள்வார்.

ஒரு வருஷம் போயிருக்கும். அவள் வீட்டுக் குளியலறைத் தரை பெயர்ந்துவிட்டது. மாமாதான் கூப்பிட்டார். மேஸ்திரி சாம்பிளுக்குச் சில ஓடுகளைக் கொண்டுபோய்த் தரையில் பரப்பினார். அக்கா கதவருகே நின்று பார்த்தாள். சாம்பல் நிற ஓடு ஒன்றைக் காலால் தொட்டாள்.

"இது வழுக்குமா?"

வழக்கமாக வீட்டுக்காரர்களிடம் சொல்கிற 'வழுக்கவே வழுக்காது' வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"தெரியலக்கா. சோப்புத் தண்ணி ஊத்தி மிதிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

வாளியில் நீர் பிடித்து, சோப்பைக் கரைத்து ஓட்டின்மேல் ஊற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்தபடி ஏறி நின்றார். அக்கா அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.