அலகு எழுதாத இருபத்திரண்டு

சேவியர் இறந்த செய்தி எங்கள் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஏழு வருடமாக அவர் எதிரே வந்தால் ரோட்டின் மறுபக்கம் போனவர்களின் கைகள். அதில் என்னுடையதும் ஒன்று.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு தனியார் கம்பெனியில் அவர் கிரேன் எலெக்ட்ரீஷியன், நான் ஷிப்ட் சூப்பர்வைசர். கிரேன் உச்சியில் சுழலும் காற்று மீட்டர் அவருடைய பொறுப்பு. வெறும் எண்ணைச் சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை நான் வாக்கிடாக்கியில் "காத்து பதினஞ்சு" என்றேன். "பதினஞ்சு என்னதுலே? கத்திரிக்காயா?" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். கேண்டீனில் டீ ஆறுவது தெரியாமல் விளக்குவார். "ஏலே, வானிலை ஆபீஸ்காரன் மணிக்குக் கிலோமீட்டர்ல சொல்லுதான். கப்பல்காரன் நாட்-ல சொல்லுதான், ஒரு நாட் கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர். நம்ம மீட்டரு வினாடிக்கு இத்தனை மீட்டர்னு காட்டுது. அத மூணு புள்ளி ஆறால பெருக்குனாத்தான் கிலோமீட்டர். அடிக்கது ஒரே காத்துதாம்லே." நாங்கள் சிரிப்போம். கத்திரிக்காய் என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்தோம்.

கிரேன் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை: "காற்று 40-ஐத் தாண்டினால் வேலையை நிறுத்தவும்." எந்த நாற்பது என்று அதில் இல்லை. அது கப்பல்காரர்களின் நாட் கணக்கு. எங்கள் மீட்டரில் அது இருபது சொச்சம்தான். பலகையை மாற்றச் சொல்லிச் சேவியர் இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். "உமக்கு வேற சோலி இல்லையா?" என்றார் மேனேஜர்.

ஏழு வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாதத்து மதியம். மண்ணை வாரி அடித்தது காற்று. மீட்டர் இருபத்திரண்டு காட்டியது. கப்பல் மாலைக்குள் புறப்பட வேண்டும். மேனேஜர் பலகையைக் காட்டி, "நாப்பதுக்கு இன்னும் பாதி கெடக்கே, ஓட்டச் சொல்லும்" என்றார். மேலே கேபினில் இருந்தவன் இசக்கி, கல்யாணமாகி மூன்று மாதம். சேவியர் என் கையிலிருந்த வாக்கிடாக்கியைப் பிடுங்கினார். "ஏலே இசக்கி, தூக்குன பெட்டிய கீழ வச்சுட்டு எறங்குலே. எவன் சொன்னாலும் ஏறாத. நான் பாத்துக்கிடுதேன்." இசக்கி இறங்கினான். கப்பல் ஒரு நாள் தாமதமானது.

விசாரணை நடந்தது. காற்று அளவுக்குள் இருந்தபோதே வேலையை நிறுத்தினார் என்பது குற்றச்சாட்டு. ஆதாரம் ஒரே ஒரு தாள், நான் கையெழுத்துப் போட்ட ஷிப்ட் அறிக்கை: "காற்று 22." சேவியருக்கு வேலை போயிற்று. அறிக்கையில் பொய் எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவர் ஓர் ஐஸ் பிளான்டில் மோட்டார் பார்க்கப் போனார். இரண்டே மாதத்தில் கம்பெனி சத்தமில்லாமல் பலகையை அலகோடு மாற்றி எழுதியது. அவரைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

அடக்கத்துக்குக் கம்பெனி மலர்வளையம் அனுப்பியிருந்தது. "பாதுகாப்பின் தோழர்" என்று எழுதியிருந்தார்கள். அவர் மனைவி என்னிடம் வந்து, "அவுக உங்கள ஒரு வார்த்த கொறையாச் சொன்னதில்ல அண்ணாச்சி. 'அவனுக்கு அந்தக் கணக்கு வெளங்கல, பாவம்'னுதான் சொல்லுவாக" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அலகோடு எழுதும் பழக்கம் ஒன்றுதான். அதையும் அவர் போன பிறகுதான் செய்கிறேன். அன்று காற்று வினாடிக்கு இருபத்திரண்டு மீட்டர். மணிக்கு எழுபத்தொன்பது கிலோமீட்டர். பலகையின் நாட் கணக்கில் ஏறக்குறைய நாற்பத்து மூன்று. கையெழுத்துப் போடும்போதே எனக்கு அது தெரியும்.