உப்புத் தண்ணீர் கேட்ட மரம்

பாதியாக அறுத்த நீல டிரம் ஒன்றை, தெரிந்தவர் வேனிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்க, என் வீட்டுக்காரர் முன்னால் ஓடிக் கொல்லைக்கதவைத் திறந்துவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் முதலில் எனக்கு வருவது எரிச்சல்தான். டிரம் நிறையக் கறுப்புச் சேறு. வீடு முழுக்க மீன்வாடை. சேற்றின் நடுவில் நாலைந்து இலையோடு ஒரு சின்னச் செடி. நெய்வேலி குவார்ட்டர்ஸில் எல்லார் கொல்லையிலும் பலாவும் முந்திரியும் காய்த்துக்கொண்டிருக்க, இவர் பிச்சாவரத்து உப்பங்கழியிலிருந்து சுரபுன்னை என்னும் அலையாத்திக் கன்று ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். முருங்கை வைக்கலாம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் அது உட்கார்ந்தது.

மரம் செடி என்று அலைகிறவர் இல்லை அவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் சுரங்க வேலைக்கு வந்தவர். மண்ணை வாரும் பெரிய சக்கர இயந்திரத்தில் ஆபரேட்டர். ஷிப்ட், சாப்பாடு, தூக்கம், இவ்வளவுதான் அவருடைய உலகம். ஒருநாள் கரிப் படுகையில், பட்டையும் வளையமும் கலையாமல் ஒரு முழு அடிமரம் படுத்துக் கிடந்ததாம். அங்கே வந்த நிலவியல்காரர் ஒருவர், இந்தக் கரி எல்லாமே ஒரு காலத்தில் கடலோரச் சதுப்புக் காடு, அலையாத்தி மரங்களும் மழைக்காட்டு மரங்களும் கலந்து நின்ற இடம் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். “இருபது வருஷமா காட்டத்தான் தோண்டிட்டு இருந்திருக்கேன். ஒரு மரத்தோட பேர்கூட எனக்குத் தெரியல” என்றார்.

அதற்குப் பிறகு வார ஓய்வு நாளெல்லாம் பிச்சாவரம். ஒருமுறை என்னையும் அழைத்துப் போனார். ஒரே பச்சையாகத் தெரிந்த காட்டில் ஒவ்வொரு மரத்தையும் பிரித்துக் காட்டினார். வெண்கண்டல் இலையைக் கிள்ளி நக்கிப் பார்க்கச் சொன்னார், உப்புக் கரித்தது. அது உறிஞ்சிய உப்பை இலை வழியே கக்கிவிடும், சுரபுன்னை வேரிலேயே தடுத்துவிடும், தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்றெல்லாம் சொன்னார். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து ஆணி அடித்ததுபோல மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரே தண்ணீரில் நின்று ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாகப் பிழைப்பதை அவரால் நம்பவே முடியவில்லை. எனக்கோ வெயில் தாங்கவில்லை. போகலாம் என்றேன். உடனே படகைத் திருப்பச் சொன்னார். ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

பதினோரு வருஷம் அந்த டிரம்மில் அது வளர்ந்தது. மாதம் ஒருமுறை இரண்டு கேனில் கழித் தண்ணீர் பஸ்ஸில் வரும். போக முடியாத மாதங்களில் குழாய்த் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுவார். செடிக்கு உப்புப் போடுகிற மனுஷர் என்று பிளாக்கில் பேர் வாங்கினார். மரம் ஆள் உயரம் வந்தது. தண்டிலிருந்து வேர்கள் வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றின. அவர் நாற்காலியைப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருப்பார். என்னோடு பேசியதைவிட அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அதிகம் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது, ஒரு காலைப் பொழுதில், அந்தக் கேனைத் தூக்கிச் சாய்க்கும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் சரிந்திருந்தார். ஊற்றிய தண்ணீர் டிரம்மைச் சுற்றி ஓடி அவர் வேட்டியை நனைத்திருந்தது. ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் வந்தது. அடுத்து வருகிறவர்கள் வெட்டிப் போட்டுவிடுவார்கள் என்று என் மகள் சொன்னாள். அதை விட்டுவிட்டுப் போக ஏனோ மனம் வரவில்லை. குட்டியானை வண்டியில் டிரம்மை ஏற்றி, பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைக்குக் கொண்டுபோனோம். அவருக்குப் பழக்கமான படகுக்காரர் காத்திருந்தார். தன் குடியிருப்பை ஒட்டிய வாய்க்கால் கரையில் பள்ளம் எடுத்து, டிரம்மைப் பிளந்து மரத்தை இறக்கினார். வேர்கள் டிரம்மின் வடிவத்திலேயே சுருண்டு சுற்றிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் சேற்றைத் தள்ளி மூடினார்.

மழைக்காலம் முடிந்து போனேன். இலை எல்லாம் உதிர்ந்து மரம் விறகாக நின்றது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். உள்ளேயும் பச்சை இல்லை.

“வளந்த மரத்த பேத்து வச்சா புடிக்காதுங்கம்மா” என்றார் படகுக்காரர். “அன்னிக்கே தெரியும். உங்க மொகத்த பாத்துகினு சொல்ல மனசு வரல.”

பக்கத்தில் நின்ற சுரபுன்னைகளில் நீள நீளமாகப் பச்சைக் காய்கள் தொங்கின. அவர் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

“இது மரத்துலயே மொளச்சு, வுழும்போதே சேத்துல குத்திகினு நின்னுடும். இதுல ஒண்ணு இருந்தா போதும், சாரோட மரம் இங்க நிக்கும். அது காய் வுட்டுச்சாம்மா?”

விட்டது. என் வீட்டுக்காரர் இறந்த மாதம்தான் முதல்முறையாகக் காய்கள் தொங்கின. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய மறுநாள், கொல்லையைப் பெருக்கினேன். ஏழெட்டுக் கீழே விழுந்து கிடந்தன. அவை இன்னதென்று எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்த்தானே அவர் போனார் என்று இருந்தது எனக்கு. மிச்சத்தையும் கிளையிலிருந்து பறித்து, சருகோடு கூட்டிக் கொளுத்தினேன். பச்சையாக இருந்ததால் எரியவில்லை. வெகுநேரம் புகைந்துகொண்டே இருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினேன்.

“இல்லீங்க. காய்க்கவே இல்லை” என்றேன்.

“அப்ப அது மலட்டு மரங்க. அதுக்குப் போயி நீங்க மனச வுட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டு அவர் படகை அவிழ்க்கப் போனார்.