ஜெயராஜ் மாமா விழுந்த படம்

வாடகைக்கு வந்த காக்கிச் சட்டைகளில் அடித்த அந்துருண்டை வாசனை இன்றும் என் மூக்கில் நிற்கிறது. எங்கள் மைசூரில் அப்போது, மோட்டார் சைக்கிளில் கொள்ளைக்காரர்களைத் துரத்தும் இரண்டு போலீஸ்காரர்களைப் பற்றி ஒரு கன்னடப் படம் எடுத்தார்கள். ஸ்டண்ட் ஆட்களை வரவழைக்க வசதியில்லாத கம்பெனி என்பதால், வண்டி நன்றாக ஓட்டக்கூடிய என் அப்பாவையும், அவருடைய சிநேகிதரும் பக்கத்து வீட்டுக்காரருமான ஜெயராஜ் மாமாவையும் 'டூப்' போடக் கூப்பிட்டிருந்தார்கள்.

மலைச்சாலையில் முன்னால் போகவேண்டியவர் அப்பா. அன்று காலை எனக்குக் காய்ச்சல் கொதித்தது. அவர் சட்டையைப் பிடித்த பிடியை நான் விடவேயில்லை. "நீ கொழந்தைய பாத்துக்கோ அந்தோணி, முன்னால நான் போறேன். ஏனாகுத்தே, ஒண்ணும் ஆகாது," என்று சிரித்துக்கொண்டே மாமா கிளம்பினார்.

வளைவில் கிடந்த மணலில் வண்டி சறுக்கி, அவருடைய இடது முழங்கால் நொறுங்கிப்போனது. அதற்குப் பிறகு அவர் நேராக நடக்கவேயில்லை.

படம் வந்தபோது இரண்டு குடும்பமும் சேர்ந்தே போனோம். அவர் விழுந்ததை வெட்டாமல் அப்படியே வைத்திருந்தார்கள். தியேட்டரில் விசில் பறந்தது. மாமாவும் கைதட்டி, "நோடு, பாரு, நான்தான்!" என்று கத்தினார். அப்பா எழுந்து வெளியே போனார். பின்னாலேயே ஓடிய நான், சோடாக் கடை ஓரம் அவர் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்தேன்.

"எனக்கு வரவேண்டியது அவனுக்கு வந்துருச்சும்மா."

எல்லாம் என் காய்ச்சலால் வந்தது என்று அந்த நிமிடம் எனக்குள் பதிந்துவிட்டது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் மாமா காலை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறும் சத்தம் கேட்டாலே நான் உள்ளறைக்குள் போய்விடுவேன். "ஏம்மா, மாமாகிட்ட பேசமாட்டியா?" என்று அவர் கேட்பது கதவைத் தாண்டி வரும்.

அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஒரு துணிக்கடை. மாமாவும் இல்லை. விபத்துக்குப் பிறகு பிறந்த அவருடைய மகள் ஸ்டெல்லா, போன மாதம் மைசூர் விஜயநகரில் நாங்கள் இப்போது இருக்கும் வீட்டுக்கு வந்து, யாரோ இணையத்தில் ஏற்றியிருந்த அந்தப் படத்தைப் போனில் காட்டினாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விழறது வேண்டாம் பெரியப்பா. அதுக்கு முன்னால பாருங்க. அப்பா நல்லா நடந்து நான் பாத்ததே இல்ல. இதுல மட்டும்தான் இருக்கு."

காக்கி உடுப்பில், வெயிலில், இரண்டு காலும் சீராக மாமா வண்டியை நோக்கி நடந்து வந்தார். அப்பா போனைக் கையில் வாங்கிக் கண்ணருகே பிடித்தார்.

"இப்படித்தான் நடப்பான்," என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அதற்கப்புறம் இன்னொரு தடவை. ஒவ்வொரு முறையும், மாமா வண்டியை உதைத்துக் கிளப்பும் முன் ஸ்டெல்லா படத்தை நிறுத்தினாள்.