குப்பனூர் டிராக்டரும் எங்கள் அண்ணனும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் ஸ்தோத்திரம். எங்கள் அண்ணன் கர்த்தரிடம் சென்று ஒரு வருடம் நிறைகிறது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணி முன்பே போய்விட்டார். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே எழுதும் கடமை எனக்கு வந்தது. எழுத உட்கார்ந்த பிறகுதான், அவருடைய கடைசி வருடங்களைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது புரிந்தது.

அண்ணன் மலைமேல் நாகலூரில், காப்பி எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தார். அப்பா காப்பிப் பழம் அரைக்கும் மெஷினில் வேலை பார்த்தார். அம்மா பழம் பறிக்கப் போவார். அண்ணன் மிஷன் பள்ளியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தபோது மரம் விழுந்து அப்பா இறந்தார். அடுத்த வாரமே எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டார். அண்ணன் டிராக்டர் கழுவும் வேலையில் சேர்ந்தார். வயது வந்ததும் லைசென்ஸ் எடுத்து அதே டிராக்டரை ஓட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் நான் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் டிரெயினிங் முடித்தேன். இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அண்ணன் அதிகம் பேசமாட்டார். ஆனால் மலையிலும் அடிவாரத்திலும் பழைய டிராக்டர் வாங்க நினைப்பவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். கூடப் போய் வண்டியைப் பார்ப்பார். கடைசியில் "எடுக்கலாங்க" என்பார், இல்லையென்றால் "வேண்டாங்க" என்பார். விற்கிறவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அந்தச் சொல் மாறாது. அவர் வேண்டாமென்ற வண்டியை யாரும் வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் ஓய்வு பெற்ற சில மாதங்களில் அண்ணி இறந்தார். சேலத்துக்கு வந்துவிடச் சொன்னேன். "இங்கயே இருந்துக்கறேன் கண்ணு. குளிரு பழகிப்போச்சு" என்றார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் செய்வேன். "என்ன பண்றீங்கண்ணா?" என்று கேட்டால், "சும்மாதான் கண்ணு இருக்கறேன்" என்பார். அதற்கு மேல் எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்காது. ஒருமுறை நாகலூர் போயிருந்தபோது, சமையல் மேடையில் இரண்டு தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றுதான் ஈரமாக இருந்தது, அண்ணியுடையது காய்ந்து கிடந்தது. நான் பார்த்தும் பார்க்காதவள்போல் இருந்துவிட்டேன்.

அவர் இறப்பதற்கு முந்தைய வருடம், வழக்கத்துக்கு மாறாக அவரே போன் செய்தார்.

"குப்பனூர்ல ஒரு டிராக்டர் பார்க்கப் போறேன். நீயும் வர்றியா கண்ணு?"

"யாருக்குண்ணா?"

"எனக்குத்தான்."

தடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் கிளம்பினேன். காலையில் மலைமேல் ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் எனக்காகக் காத்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். இருவரும் பஸ்ஸில் மலையிறங்கி அடிவாரத்துக் குப்பனூருக்குப் போனோம்.

வண்டிக்காரர் பெயர் முத்துசாமி. எழுபது வயதை நெருங்கிய விவசாயி. மகன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட, இவருக்கும் முட்டி வலி வந்துவிட, டிராக்டரை விற்க நினைத்திருந்தார். தகரக் கொட்டகையில் அது நின்றது. எங்கள் வயதுதான் இருக்கும் அதற்கும். சிவப்புச் சாயம் வெளுத்திருந்தது, உட்காரும் இடத்தில் கோணிப்பையை மடித்துப் போட்டிருந்தார்கள்.

அண்ணன் டயரைப் பார்க்கவில்லை, சாயத்தைப் பார்க்கவில்லை. நேரே போய் இன்ஜின் மீது உள்ளங்கையை வைத்தார்.

"ஏனுங்க, காத்தால ஸ்டார்ட் பண்ணீங்களா?"

முத்துசாமி ஐயா தலையைச் சொறிந்தார். "ஆமாங்க, சும்மா ஒருக்கா ஓட்டிப் பார்த்தேனுங்க."

"நல்லா ஆறட்டுமுங்க. அப்புறம் பார்க்கலாம்."

சூடான இன்ஜின் தன் குறையைக் காட்டாதாம். ஆகவே அது ஆறும்வரை காத்திருந்தோம். மதியமாகிவிட்டது. முத்துசாமி ஐயாவின் மனைவி பாப்பாத்தி அம்மாள், "ஊட்டுக்கு வந்தவங்க சாப்புடாமப் போறதாவது?" என்று களியும் கீரைக் கடைசலும் போட்டார். அண்ணன் இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கினார். சாப்பிட்டுக்கொண்டே அண்ணியைப் பற்றிச் சொன்னார். அண்ணிக்குக் களி கிண்டவே வராது, அடிப்பிடித்துவிடும் என்று சொல்லிச் சிரித்தார். அண்ணி இறந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கோ திரும்பும் பஸ் தவறிவிடுமோ என்ற கவலை.

ஆறிய பிறகு வண்டியைக் கிளப்பினார். இரண்டு முறை முக்கிவிட்டு நின்றது. மூன்றாவது முறை கொட்டகை நிறையப் புகையோடு கிளம்பியது. ஓட்டிப் பார்த்தார், இரண்டாவது கியர் தானாகக் கழன்றுகொண்டது. பின்னால் மாட்டியிருந்த கலப்பையை லீவரால் தூக்கி நிறுத்தினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லத் தரைக்கு இறங்கியது. நிறுத்திவிட்டு ஆயில் குச்சியை உருவினார். ஆயில் பால் போட்ட டீயின் நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். ஒன்றையும் மறைக்காமல் முத்துசாமி ஐயாவிடம் சொன்னார்.

அவர் முகம் வாடிப்போனது. "அப்ப இரும்புக்குத்தான் போடோணுமுங்களா?"

"அப்படிச் சொல்லலீங்க. வேலை நொம்பக் கெடக்குது. கூட உக்காந்து பார்த்தா எந்திரிச்சுக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்ன கண்ணு சொல்ற?"

அதற்குமுன் அண்ணன் தம் வாழ்நாளில் ஒரு வண்டியைப் பற்றி வேறொருவரிடம் யோசனை கேட்டதில்லை. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"வேண்டாங்கண்ணா. இந்த வயசுல இத வெச்சு என்ன பண்ணுவீங்க? நம்ம முக்கா ஏக்கர் காப்பிக்கு டிராக்டர் எதுக்கு?"

"அதுவுஞ் சரிதான்" என்றார்.

அவரைக் கொண்டுவிட நானும் கூட மலையேறினேன். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஒண்டிக்கடையில் இறங்கியதும், "ஒரு வருசத்துக்கு வேலை இருக்குது கண்ணு அந்த வண்டியில" என்றார். வண்டியின் குறையைச் சொல்கிறார் என்று நினைத்து, "அதனாலதாண்ணா வேண்டாங்கறேன்" என்றேன். அவர் நாகலூர் பஸ் ஏறிப் போனார். நான் சேலம் வந்தேன். அதன்பின் ஞாயிறுதோறும் பழையபடி "சும்மாதான் கண்ணு இருக்கறேன்."

போன வருடம் மழை விடாமல் பெய்த வாரத்தில் ஒரு காலை, பக்கத்து வீட்டுச் செல்வி எஸ்டேட் வேலைக்குப் போகும்போது அண்ணன் வீட்டுக் கதவு திறக்காததைக் கவனித்துத் தட்டிப் பார்த்தார். அண்ணன் தூக்கத்திலேயே போயிருந்தார். இருதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். நான் போய் அவர் கையைப் பிடித்தேன். நகங்களுக்குள் கறுப்பாக ஆயில் படிந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்தபின் முத்துசாமி ஐயாவும் பாப்பாத்தி அம்மாளும் என்னிடம் வந்தார்கள்.

"வியாழக்கிழமையானா எங்க ஊட்டுக்கு வந்துருவாருங்கம்மா" என்றார் ஐயா. "கூலி வேண்டாம், நானே பார்த்துத் தர்றேன்னு வந்தாரு. ஆறே மாசத்துல வண்டிய எழுப்பிப்போட்டாரு."

"அதுக்கப்புறமும் வந்தாருங்களா?"

"நாந்தான் போன் பண்ணுவேனுங்க. என்னமோ சத்தம் வருதுங்க, வந்து பாருங்கன்னு பொய் சொல்லுவேன்."

"அது பொய்யின்னு அண்ணனுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாம இருக்குமுங்களா? வந்து காத வெச்சுக் கேப்பாரு. ஆமாங்க, இருக்குதுன்னு சொல்லிப்போட்டு ஸ்பேனர எடுப்பாரு."

பாப்பாத்தி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தங்கச்சிக்குத் தெரிஞ்சா வையும், சொல்லிப்போடாதீங்கன்னு சொல்லுவாருங்க."

அண்ணன் எதற்காக அந்த வண்டியைக் கேட்டார் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. அதைச் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

கதவைத் தட்டிப் பார்த்த செல்விக்கும், கொட்டும் மழையில் குழி வெட்டிய நாகலூர்ச் சகோதரர்களுக்கும், ஜெபித்த சபை ஐயருக்கும், பெட்டியைச் சுமந்த எஸ்டேட் தொழிலாளர்களுக்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முத்துசாமி ஐயாவுக்கும் பாப்பாத்தி அம்மாளுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர்களால் வாரத்தில் ஒரு நாள் எங்கள் அண்ணன் தனியாகச் சாப்பிடவில்லை. மற்ற ஆறு நாட்களுக்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

– தங்கை