ஒன்பது யூனிட் வீடு

எங்க தெருவுல என் வீட்டுக்காரருக்கு 'இருட்டு'ன்னு பேரு. சின்னப் பசங்க 'இருட்டு மாமா'ம்பாங்க. பெரியவங்க முதுகுக்குப் பின்னாடி வெறும் 'இருட்டு'. கரண்ட் ஆபீஸ்ல மீட்டர் ரீடிங் எடுக்குற மனுஷன் இப்படி ஒரு பேரு வாங்குறதுன்னா சும்மாவா? என் தம்பிக்கு வாய் அடங்காது. "அக்கா, உன் வீட்டுக்கு வர்ற எறும்பு கூட வெளியே சாப்பிட்டுட்டுத்தான் உள்ள வரும்"பான். நானும் சிரிப்பேன். சிரிக்காம என்ன பண்றது, கட்டிக்கிட்டாச்சு.

ஆனா அவரைக் கஞ்சன்னு யாராவது சொன்னா எனக்குப் பொத்துக்கிட்டு வரும். கஞ்சன் மிச்சம் பிடிச்சுப் பெட்டியில பூட்டுவான். இவரு வீட்டுல செலவு குறையக் குறைய, வேலையையும் குறைச்சுக்கிட்டாரு. ஓவர்டைம் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாரு. பதவி உயர்வு வந்தப்போ, "எனக்கு எதுக்கு, அடுத்த ஆளுக்குக் கொடுங்க"ன்னுட்டாரு. ரீடிங் எடுக்கப் போற வீட்டுல ஒரு டம்ளர் டீ வாங்கிக் குடிச்சதில்லை. அப்படி ஒரு மனுஷன்.

இதெல்லாம் ஆரம்பிச்சது ஏழு வருஷத்துக்கு முன்னாடி. அதுக்கும் முன்னாடியே அவருக்கு மனசுல ஒரு முள்ளு இருந்துச்சு. இருபது வருஷமா அதே தெரு, அதே வீடுங்க. "அந்தப் பச்சைக் கேட் வீட்டுல நான் வேலைக்குச் சேர்ந்தப்போ அறுபது யூனிட். இப்போ நானூறு. அதே நாலு பேருதான் இருக்காங்க. அப்போ மட்டும் என்ன அழுதுகிட்டா இருந்தாங்க?"ன்னு கேட்பாரு. நான் எதிர்த்த வீட்டுக் கணக்கையெல்லாம் எனக்கு எதுக்குச் சொல்றீங்கம்பேன்.

அந்த வருஷம் அவங்க ஆபீஸ்ல கேக் வெட்டினாங்க. எங்க ஏரியா எரிச்ச கரண்ட் ஏதோ ஒரு பெரிய எண்ணைத் தாண்டிடுச்சாம். மேலதிகாரி வந்து, இதுதான் வளர்ச்சி, அடுத்த வருஷம் இன்னும் வளரணும்னு பேசினாராம். இவரு தன் பங்குக் கேக்கைத் தாள்ல மடிச்சு வீட்டுக்குக் கொண்டு வந்து என் முன்னாடி வச்சாரு. "எரிச்சதுக்குக் கேக் வெட்டுறாங்க, பாரு"ன்னாரு. அன்னைக்குச் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பேசினாரு. வாங்கணும், பழசுன்னு தூக்கிப் போடணும், மறுபடி வாங்கணும், அதுக்காக இன்னும் மாடா உழைக்கணும், போன வருஷத்தை விட இந்த வருஷம் ஜாஸ்தி இல்லைன்னா எல்லாரும் பதறணும். "இந்த வண்டி தானா நிக்காதும்மா. யாராவது ரெண்டு பேரு இறங்கி நடந்து காட்டினாத்தான் மத்தவங்களுக்கும் இறங்கலாம்னு தைரியம் வரும்." 

நான் சரின்னேன். யாரும் என் கழுத்தைப் பிடிச்சு இறக்கல. அதையும் சொல்லிடணும். அவரு சொன்னது சரின்னு எனக்கே பட்டுச்சு. இப்பவும் படுது.

முதல்ல டிவி போச்சு. அப்புறம் அவரோட பைக். நடந்தே ரீடிங் எடுத்தாரு. வருஷத்துக்கு ஒரு சட்டை, கிழிஞ்சா நானே தைச்சுக் கொடுப்பேன். சாயங்காலமானா மாடிப்படியில உட்கார்ந்து ரெண்டு பேரும் பேசுவோம். கல்யாணமாகி இருபத்தி ரெண்டு வருஷத்துல பேசாததையெல்லாம் அந்த ரெண்டு வருஷத்துல பேசினோம். அவரு சின்ன வயசுல பாடுவாருன்னே எனக்கு அப்பத்தான் தெரியும். சத்தமில்லாத வீடு அவ்வளவு நல்லா இருக்கும்னு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா அவரு பிடிச்ச முயலுக்கு மூணே கால். ஃபிரிட்ஜை என் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தாரு. வாஷிங் மெஷின்ல பெல்ட் அறுந்துச்சு. "ரெண்டு பேரு துணிதானே"ன்னாரு. அது அப்படியே பழைய இரும்புக்குப் போச்சு. மிக்ஸி போய் அரைக்கிற கல்லு வந்துச்சு. நான் வீட்டுலேயே ஒரு கடைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் தைச்சுக் கொடுக்குறவ. என் தையல் மெஷின்ல ஒரு சின்ன மோட்டார் இருந்துச்சு. அதையும் கழட்டி, பழைய பெடலை மாட்டி, எண்ணெய் விட்டு, "பாரு, எவ்வளவு லேசா ஓடுது"ன்னு தன் கையால சக்கரத்தைச் சுத்திக் காட்டினாரு. கையால ஒரு சுத்து சுத்தினா லேசாத்தான் இருக்கும்.

கடைசியாப் போனது தண்ணி மோட்டார். எங்களது மாடி வீடு. குழாய் கீழே, தொட்டி மேலே. சுவிட்சைப் போட்டா பத்து நிமிஷத்துல நிறைஞ்சிடும். "பத்து நிமிஷத்துக்கு அது குடிக்கிற கரண்டுல ஒரு நாள் பூரா விளக்கு எரிக்கலாம்"ன்னாரு. இருபத்தி நாலு படி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம். அவரு காலையில ரெண்டு குடம் தூக்கி வச்சுட்டு ஆபீஸ் கிளம்புவாரு. மிச்சம் பத்து எப்படி மேல வந்துச்சுன்னு அவரு கேட்டதில்லை. நான் சொன்னதில்லை. சொன்னா வெட்கம், அழுதா துக்கம்.

தினம் காலையில எழுந்ததும் மீட்டர் முன்னாடி போய் நிப்பாரு. மாசக் கடைசியில ஓடி வருவாரு. "ஏம்மா! போன மாசத்தை விட மூணு கம்மி!" பரீட்சையில பாஸான பையன் மாதிரி முகம் இருக்கும். நூத்தி எழுபதுல ஆரம்பிச்சது. நாற்பது, இருபத்தஞ்சு, பதினாலு. அந்த முகத்தைப் பார்த்துக்கிட்டு, எனக்குத் தோள்பட்டை விட்டுப் போகுதுங்கன்னு எப்படிச் சொல்றது? ஒரு தடவை சொல்லவும் சொன்னேன். பாவம், உடனே எண்ணெயைச் சுட வச்சுக் கொண்டு வந்து பக்குவமா நீவி விட்டாரு. நீவிட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டு மீட்டரைப் பார்க்கப் போயிட்டாரு.

கட்டிக் கொடுத்த எங்க பொண்ணு ஒரு வெயில் காலத்துல கைக்குழந்தையோட வந்தா. குழந்தைக்காக ராத்திரி பகலா ஃபேன் ஓடலாம்னு அவரே சொன்னாரு. ஒரு வார்த்தை குறை சொல்லல. ஆனா காலையில மீட்டரைப் பார்த்துட்டு வந்து ஒரு பெருமூச்சு விட்டாரு. அதை அவ பார்த்துட்டா. மூணாம் நாளே பையைக் கட்டிட்டா. "அம்மா, அப்பா நல்லவருதான். ஆனா இங்க மூச்சு விடுறதுக்கே கணக்குப் பார்க்கணும் போல இருக்கு"ன்னுட்டுப் போனவ, அதுக்கப்புறம் வந்து தங்கல.

இந்த வருஷம் ஒன்பதுக்கு வந்துச்சு. ஒரு மாசத்துக்கு ஒன்பது யூனிட். அவருக்குக் கால் தரையில நிக்கல.

ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல புதுசா ஒண்ணு கொண்டு வந்திருந்தாங்க. ஆள் குடியிருக்குற வீட்டுல ரீடிங் இவ்வளவுக்குக் கீழே போனா திருட்டுன்னு சந்தேகப்படணுமாம். அந்த வீடு மீட்டர் ரீடர் வீடா இருந்தா ரெட்டைச் சந்தேகம். எங்க வீட்டு மீட்டரை இவரு எடுக்கக் கூடாது, வேற ஆளுதான் எடுப்பாரு. இருந்தும் ஒரு நாள் பத்து மணிக்கு சோதனைப் பிரிவுலேருந்து மூணு பேரு ஜீப்புல வந்து இறங்கினாங்க. சீலைப் பார்த்தாங்க, ஒயரைத் தடவினாங்க, மீட்டரைக் கழட்டிப் பையில போட்டாங்க. விசாரணை முடியுற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு கையில ஒரு கடிதம். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். திருட்டுன்னு முடிவாச்சுன்னா வேலையும் கிடையாது, பென்ஷனும் கிடையாது.

அதைக் கூட அவரு தாங்கியிருப்பாரு. தெரு பேசினதைத்தான் தாங்க முடியல. "அதானே பார்த்தேன்! எளிமையாம் எளிமை, ஒயரைத் திருப்பி விட்டுட்டு ஊருக்கு உபதேசம்." பச்சைக் கேட் வீட்டம்மா ஏறி வந்து, "ஐயோ, உங்களுக்கா இப்படி"ன்னு கன்னத்துல கை வச்சா. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். நான் தண்ணி கூடக் கொடுக்காம அனுப்பினேன். கொடுத்தா அந்தத் தண்ணியையும் நான்தானே தூக்கணும். இவரு மீட்டர் இருந்த இடத்துல சுவத்துல நீட்டிக்கிட்டிருந்த ஆணியைப் பார்த்துக்கிட்டு இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தாரு. ரெண்டு வாரம் சரியா சாப்பிடல.

மீட்டர்ல பழுதில்லைன்னு சோதனைக் கூடத்துல சொல்லிட்டாங்க. அதுவும் வினையாப் போச்சு. மீட்டர் சரியா ஓடியிருக்குன்னா, மீட்டருக்கு வராம வேற வழியா கரண்ட் எடுத்திருக்காங்கன்னு அர்த்தமாம். ஒன்பது யூனிட்ல குடும்பம் நடத்த முடியாதுன்னு அவங்க ஒரே பிடியா நின்னாங்க. கடைசியில உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்கன்னாங்க.

போற வழியெல்லாம் எனக்குப் பாடம். "நாங்க எளிமையா வாழ்றோம்னு சொல்லு, போதும். வேற எதையும் இழுக்காதே." விசாரணை அறையில ஒரு மேஜை, பழைய ஃபைல் அடுக்கு, தலைக்கு மேல மூணு ஃபேன். ரெண்டு ஃபேனுக்குக் கீழே யாருமே இல்லை. அதிகாரி நல்ல மாதிரியான ஆளுதான். நான் ஒப்பிச்சேன். "நாங்க எளிமையா வாழ்றோம் சார்."

அதிகாரி சிரிச்சாரு. "எளிமைன்னு எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா. ஒவ்வொண்ணாக் கேட்கிறேன், பதில் சொல்லுங்க." அவர்கிட்ட ஒரு படிவம். இடது பக்கம் சாமான் பேரு, பக்கத்துல 'மாற்று ஏற்பாடு'ன்னு ஒரு கட்டம்.

"தண்ணி மேல எப்படிப் போகுது?"

"குடத்துல தூக்குறோம் சார்."

"யாரு?"

அவரைப் பார்த்தேன். அவரு தரையைப் பார்த்தாரு. அவரோட வேலை போகப் போகுது, திருட்டுப் பட்டம் வரப் போகுது. இப்ப நான் மென்னு முழுங்கினா யாருக்கு நஷ்டம்?

"ரெண்டு குடம் அவரு. பத்து நான்."

"துணி?"

"நான்."

"அரைக்கிறது?"

"நான்."

"ஃபிரிட்ஜ் இல்லாம?"

"மூணு வேளையும் அந்தந்த வேளைக்கு ஆக்குவேன் சார்."

"தையல் வேலை பார்க்குறீங்களாமே, மோட்டார் எங்க?"

"கழட்டியாச்சு. காலால மிதிக்கிறேன்."

"இஸ்திரி?"

"துணியை ஈரமா மடிச்சுப் படுக்கைக்கு அடியில வச்சு, ராத்திரி மேலேயே படுத்துக்குவேன்."

முதல்ல ஒரு வரியா சொன்னவ, போகப் போக என்னால நிறுத்த முடியல. படி இருபத்தி நாலுன்னேன். குளிர் காலத்துல சோப்புத் தண்ணியில விரல் பிளக்கும்னேன். முழங்கால் வீங்கினா ஒரு கால்லேயே மிதிப்பேன்னேன். வலது கையைத் தலை வாருற உயரத்துக்குத் தூக்க முடியாம, ஆறு மாசமா ஒரு கையாலேயே கொண்டை போட்டுக்கிறேன்னேன். இதையெல்லாம் நான் வரிசையா சொல்லி நானே கேட்டதில்லை. ஏழு வருஷமா துண்டு துண்டா கிடந்தது. அதிகாரி என் கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தாரு. அப்புறம் எழுத ஆரம்பிச்சாரு.

எழுதி முடிச்சு, "மேற்கண்டவை உண்மைன்னு நீங்க கையெழுத்துப் போடணும்"னு படிவத்தை என் வீட்டுக்காரர் பக்கம் திருப்பினாரு. நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணி மோட்டார், அதுக்கு நேரா மாற்று ஏற்பாடு: மனைவி. வாஷிங் மெஷின், மனைவி. மிக்ஸி, மனைவி. குளிர்பதனப் பெட்டி, மனைவி. தையல் மோட்டார், மனைவி. இஸ்திரிப் பெட்டி, மனைவி. இவரு மீட்டர்ல எண்ணைப் படிக்கிற மாதிரியே விரலை வச்சு ஒவ்வொரு வரியாப் படிச்சாரு. கடைசி வரிக்குக் கீழே விரல் நின்னுச்சு. கையெழுத்துப் போட அவ்வளவு நேரம் ஆன மனுஷனை நான் பார்த்ததில்லை.

"கொடுத்து வச்சவரு சார் நீங்க"ன்னாரு அதிகாரி. "எங்க வீட்டுல மிக்ஸி ஒரு நாள் நின்னா அன்னைக்கு ஹோட்டல்தான். திங்கட்கிழமையிலேருந்து வேலைக்கு வந்துடுங்க." எழுந்து அவருக்குக் கை வேற கொடுத்தாரு.

வீடு வந்து சேர்ந்தோம். படியேறினதும், "ஏன் எங்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டாரு.

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ. "சொன்னேனே! எண்ணெய் தேய்ச்சு விட்டீங்களே, அன்னைக்கு என்ன, விருந்துக்கா தேய்ச்சீங்க? குறைக்கிறது தப்புன்னு நான் சொல்லல. இப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு பேரும் இறங்கி நடக்கலாம்னுதானே சொன்னீங்க? நீங்க இறங்கி என் தோள்ல ஏறிக்கிட்டீங்க!"

முகத்தைப் பார்க்க எனக்கே பயமா இருந்துச்சு. அந்த மாதிரி அழுத மனுஷன் இல்லை அவரு. வாயைத் திறந்து, சத்தமே வராம அழுதாரு. தேத்தணும்னு தோணுச்சு. கிட்டப் போகல. நல்லா அழட்டும்னு நின்னேன், அதுவரைக்கும் நான் அவ்வளவு கெட்டவளா இருந்ததில்லை.

காலையில ஊற வச்ச துணி பின்பக்கம் வாளியில கிடந்துச்சு. வெயில் இறங்குறதுக்குள்ள போட்டாத்தான் காயும். நான் போய்க் குந்தினேன். கொஞ்ச நேரத்துல அவரு வந்து நின்னாரு. சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு, போர்வையோட ஒரு முனையை எடுத்தாரு. நான் மறு முனையைப் பிடிச்சேன்.

நான் முறுக்கினேன். அவரும் முறுக்கினாரு. ஆனா எந்தப் பக்கம் திருப்பணும்னு அவருக்குத் தெரியல. நான் இந்தப் பக்கம் முறுக்க முறுக்க, அவரு அந்தப் பக்கம் அதை அவிழ்த்துக்கிட்டே இருந்தாரு. போர்வை ரெண்டு பேருக்கும் நடுவுல உருண்டுச்சே ஒழிய, சொட்டுத் தண்ணி விழல. அவரு பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னும் வேகமாத் திருப்பினாரு. எனக்குத் தோள் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. சொல்லிக் கொடுத்திருக்கலாம், ஒரு வார்த்தைதான். எனக்கு வாய் வரல.