பெருங்களத்தூர் பாசஞ்சர்

தொண்டை கட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் எனக்கு சைகை பாஷைதான். கணவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு! கல்யாணமானதிலிருந்து இப்படி ஒரு அமைதியை அவர் அனுபவித்ததே இல்லையாம்.

காரணம் ஐஸ்கிரீம் இல்லை, தண்ணி மாற்றமும் இல்லை. ஃபுட்பால்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்கள் இப்போது சிரிப்பீர்கள். கேரம் போர்டில் ஸ்டிரைக்கரையே குழிக்குள் தள்ளுகிறவள் நான். எனக்கும் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. பெயர் ரியாஸ். காலேஜில் ஃபைனல் இயர். பெருங்களத்தூர் ஸ்டேஷனை ஒட்டிய பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவுக்கே அவன்தான் அலாரம். விடிந்தும் விடியாமலும் எதிரே இருக்கிற காலி மனையின் காம்பவுண்டு சுவரில் பந்தை உதைக்க ஆரம்பித்துவிடுவான். டம்... டம்... டம்... அப்புறம் ஏரிப் பக்கம் ஓட்டம். மழையானாலும் ஓட்டம்தான். நோன்பு மாதத்தில்கூட விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டை முடித்த கையோடு கிளம்பிவிடுவான்.

இவ்வளவு உழைக்கிற பையன் எப்படி ஆடுவான்? சொல்லவே சங்கடமாக இருக்கிறது... சுமாருக்கும் கொஞ்சம் கீழே. சுவரில் பட்ட பந்து அவனைத் தவிர எல்லோரிடமும் போகும். என் துளசித் தொட்டிக்கு வந்திருக்கிறது. பால்காரர் ஸ்கூட்டருக்குப் போயிருக்கிறது. ஓட்டமும் அதே கதிதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவான், ஆனால் வேகம் மட்டும் வராது. சேர்ந்து ஓட வந்த பையன்களெல்லாம் முன்னே போய், டீ குடித்து, திரும்பி வரும் வழியில் அவனைப் பார்த்துக் கையாட்டுவார்கள்.

காலேஜ் டீமில் இருக்கிறான். ஆனால் சேர்ந்ததிலிருந்து பெஞ்சில்தான். ஒரு மேட்சில்கூட இறக்கிவிட்டதில்லை. கோச் அவனை ஏன் வைத்திருக்கிறார்? பிராக்டிஸுக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவனை எந்த மனுஷன் டீமை விட்டு அனுப்புவான்?

ரியாஸின் அம்மா நஸ்ரீன் சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். முகம் சரியில்லை. மறுநாள் தாம்பரத்தில் ஃபைனலாம். ஃபைனல் இயர் முடிகிறது, அதனால் ரியாஸுக்கு இதுதான் கடைசி மேட்ச். "நீ வராதம்மா, நான் சும்மா உக்காந்துதான் இருப்பேன்" என்று சொல்லியிருக்கிறான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. கணவருக்கோ பம்மல் ஹார்டுவேர் கடையை விட்டு வர முடியாது.

"ஒரு அஞ்சு நிமிஷம் இறக்கி விட்டாக்கூடப் போதும்கா" என்றாள். "அந்தப் புள்ள எவ்ளோ ஓடிருக்கும்..."

இதற்கு மேல் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

மறுநாள் ரியாஸ் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டான். நாங்கள் லேட். வேறு யாரால்? என்னால்தான். சாவியைத் தேடினேன், பிறகு கண்ணாடியைத் தேடினேன். ஷேர் ஆட்டோ இரும்புலியூரில் போய் நகராமல் நின்றது. கிரவுண்டுக்குள் நுழைந்தபோது எங்கள் காலேஜ் ஒரு கோல் போட்டு முடித்திருந்தது. ரியாஸ் பெஞ்சின் ஓரத்தில் முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தான்.

எங்களைச் சுற்றி ஒரே காலேஜ் கூட்டம். அவன் எழுந்து வார்ம்-அப் செய்யும்போதெல்லாம் "பாசஞ்சர்... பாசஞ்சர்..." என்று ஒரே சத்தம். நஸ்ரீனுக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் ட்ரெயினில் போகிற பையனாயிற்றே, அதனால் வைத்த செல்லப் பெயராம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்... பக்கத்தில் இருந்த மாணவனிடம் கேட்டுவிட்டேன்.

"செம ஸ்லோ ஆன்ட்டி அவன். எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு நின்னு, மேட்ச் முடிஞ்சப்புறம்தான் வந்து சேருவான்" என்றான். அவனுக்குத் தெரியாது, கேட்டுக்கொண்டிருப்பது ரியாஸின் அம்மா என்று.

நஸ்ரீன் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் கத்த ஆரம்பித்தேன். எதிரில் தெரிந்த கோல் பக்கம் பந்து போனாலே எழுந்து நின்று கைதட்டினேன். என்னைப் பார்த்து நஸ்ரீனும் தட்டினாள். மொத்தக் கூட்டமும் எங்களை முறைத்தது. இடைவேளைக்குப் பிறகு இரண்டு டீமும் பக்கம் மாறிக்கொள்வார்களாமே? யார் சொன்னார்கள் எனக்கு! எங்கள் கோலுக்கே கோல் விழ வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம்.

ஆட்டம் முடிய கொஞ்ச நேரம்தான் இருந்தது. எங்கள் டிஃபென்ஸில் ஒரு பையன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தசைப்பிடிப்பு. கோச் பெஞ்சைப் பார்த்தார். மாற்றுவதற்கு வேறு ஆள் இல்லை. ரியாஸ் எழுந்தான்.

நஸ்ரீன் என் மணிக்கட்டைப் பிடித்தாள் பாருங்கள், நகத் தடம் இன்னும் போகவில்லை.

எதிர் டீமில் ஏழாம் நம்பர் சட்டை போட்ட ஒருவன். ஓடுகிறானா, பறக்கிறானா என்றே தெரியவில்லை. பந்து கிடைத்ததும் முதல் வேலையாக, விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் போவதுபோல் ரியாஸைச் சுற்றிக்கொண்டு போனான். அவன் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தப்பித்தோம். கேலரியில் மறுபடியும் "பாசஞ்சர்", கூடவே சிரிப்பு. நஸ்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம்.

பந்து கிரவுண்டின் அந்தக் கோடியில் இருந்தது. ரியாஸ் சம்பந்தமே இல்லாமல் எங்கள் கோலைப் பார்த்து ஓட ஆரம்பித்தான். பந்து அங்கே இருக்கும்போது இவன் எங்கே போகிறான் என்று பக்கத்துப் பையன் தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த நொடி பந்து ஏழாம் நம்பரின் காலுக்கு வந்துவிட்டது. பறந்தான். ஒருத்தனைத் தாண்டினான், இன்னொருத்தனைத் தாண்டினான். கோல்கீப்பர் முன்னால் பாய்ந்து விழுந்தார், அவரையும் தாண்டியாயிற்று. ஆளில்லாத கோலைப் பார்த்துப் பந்தை உதைத்தான்.

ஆளில்லையா? ரியாஸ் இருந்தானே! அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். நெஞ்சை நிமிர்த்தினான். பொத்தென்று பந்து நெஞ்சில் பட்டு வெளியே தெறித்தது. வந்த வேகத்தில் நிற்க முடியாமல் அவன் மட்டும் கோலுக்குள் போய் வலையில் சிக்கிக்கொண்டான்.

மகன் வலைக்குள் கிடப்பதைப் பார்த்த நஸ்ரீன், "போச்சுக்கா, கோல் போட்டுட்டாங்க" என்று அழுதே விட்டாள்.

"பந்து வெளிய கீது ஆன்ட்டி! உள்ள கீறது நம்ம பாசஞ்சர்தான்" என்று குதித்தான் பக்கத்துப் பையன்.

விசில். ஜெயித்துவிட்டோம். ஐயோ, நான் போட்ட கூச்சல்! என் குரல் அங்கேதான் எங்கேயோ கிடக்கிறது, யாராவது கண்டெடுத்தால் சொல்லுங்கள்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் ரியாஸைப் பிடித்தேன். அத்தனை பேரில் நீ மட்டும் எப்படிடா அங்கே இருந்தாய் என்று கேட்டேன். கன்னத்தில் வலையின் கோடு பதிந்திருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான்.

"எனக்கு ஸ்பீடு வராது ஆன்ட்டி. எவ்ளோ ஓடிப் பார்த்தாலும் வரல. அதான், முன்னாடியே கிளம்பிடுவேன்."

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. பிறவியிலேயே திறமை இருப்பவர்களைப் பார்த்தால் வாயைப் பிளக்கிறோம். சரி, பிளப்போம், அந்த ஏழாம் நம்பர் பையனும் அழகாகத்தான் ஆடினான். ஆனால் தனக்கு என்ன வராது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்காக அழுது வடியாமல், விடியற்காலையில் எழுந்து ஓடி, மற்றவர்களுக்கு முன்னால் கிளம்புகிறானே ஒருத்தன்... அவனுக்கு எத்தனை பேர் கைதட்டியிருக்கிறோம்? நான் தட்டினேன். இந்த முறை சரியான பக்கத்தைப் பார்த்து!

வெளியே வரும்போது அந்த மாணவன் ஓடி வந்தான். அம்மா யார் என்ற விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. நஸ்ரீனிடம் சாரி கேட்டான். இனிமேல் ரியாஸை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவோம் என்றான்.

நஸ்ரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வேணாம்பா. எங்க பெருங்களத்தூர்ல எக்ஸ்பிரஸ் நிக்காது. பாசஞ்சர்தான் நிக்கும்."